நகரிப் பையனின் அடுத்த ஃபைட் எப்போது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று பேராவது என்னை நிறுத்திக் கேட்டுவிடுகிறார்கள். டீக்கடையிலும் கேட்கிறார்கள், தறிக்கூடத்திலும் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றியவர்கூட கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டார். "என்ன மாஸ்டர், நம்ம பையன் மறுபடி எப்ப ரிங்குல ஏறுறான்?"

கேட்கிறவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் பாக்ஸிங் கோச். பையன் நகரிக்காரன், ஹெவிவெயிட் பாக்ஸர், வயது 26, உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 104 கிலோ. அப்பா இரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். பதினாறு வயதில் என்னிடம் வந்தான். அமெச்சூரில் ஆந்திரா சார்பில் ஆடிவிட்டு, பிறகு புரொஃபஷனல் ஆனான். இதுவரை 5 போட்டி, ஐந்திலும் வெற்றி, அதில் 4 நாக்அவுட். கடைசியாக ரிங்கில் ஏறி 19 மாதம் ஆகிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை.

பாக்ஸிங்கை விட்டுவிட்டானா?

இல்லை. இன்று காலையும் வந்தான். நாளைக் காலையும் வருவான்.

ஐந்திலும் ஜெயித்தவனுக்கு ஏன் ஃபைட் கிடைக்கவில்லை?

ஜெயித்ததுதான் பாதிக் காரணம்.

அமெச்சூரில் பெயர் கொடுத்தால் போதும். சீட்டுக் குலுக்கி, இவனுக்கு இவன் என்று சங்கமே ஜோடி போட்டுவிடும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எதிரில் வருகிறவனோடு ஆடியாக வேண்டும். புரொஃபஷனலில் யாரும் யாரோடும் ஆடியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நிகழ்ச்சியை நடத்துகிற புரொமோட்டர் ஒருவர், ஜோடி சேர்க்கிற மேட்ச்மேக்கர் ஒருவர், இரண்டு பக்கமும் மேனேஜர்கள் என்று நாலு பேர் சம்மதித்தால்தான் ஒரு ஃபைட். அதில் ஒருவர் மாட்டேன் என்றாலும் நடக்காது.

இப்போது எதிர்ப்பக்கத்து மேனேஜர் இடத்தில் இருந்து யோசியுங்கள். நகரியில் இருந்து ஒரு பையன், ஐந்துக்கு ஐந்து, நாலு நாக்அவுட், வெளியூரில் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. இவனை ஜெயித்தால் "யாரையோ ஜெயித்தான்" என்பார்கள். தோற்றால் "யாரோ ஒருத்தனிடம் தோற்றான்" என்பார்கள். லாபம் ஒன்றும் இல்லை, ஆபத்து மட்டும்தான். நல்ல மேனேஜர் தன் பையனை இங்கே அனுப்ப மாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். பெயர் பெற்ற பலசாலியைத் தேடி வருவார்கள். பலவீனமானவனையும் கூப்பிடுவார்கள். பெயர் இல்லாத பலசாலியைத்தான் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

இதோடு எடையும் சேர்ந்துகொள்கிறது. 60 கிலோ பையனுக்கு எதிராள் வேண்டுமென்றால் சென்னைக்குள்ளேயே பத்துப் பேரைப் பிடித்துவிடலாம். 100 கிலோவில் பஞ்சாப், ஹரியானாவில் இருந்து ஆளைக் கொண்டுவர வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருந்து. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, கூடவே வருகிற கோச்சின் செலவு எல்லாம் புரொமோட்டர் தலையில் விழும். அந்தக் காசில் சின்ன எடையில் மூன்று ஃபைட் நடத்திவிடலாம். அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார், ஹெவிவெயிட்டை அடுத்த தடவைக்குத் தள்ளிவைக்கிறார். அடுத்த தடவையும் அதே கணக்குதான்.

ஹெவிவெயிட் என்றால் எத்தனை கிலோ?

புரொஃபஷனலில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல். மேலே வரம்பு கிடையாது. 92 கிலோக்காரன் 125 கிலோக்காரனோடு மோத நேரலாம். உலக பாக்ஸிங் கவுன்சில் 2020-இல் நடுவில் பிரிட்ஜர்வெயிட் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது, 224 பவுண்டு வரை. பிறகு உலக பாக்ஸிங் சங்கமும் அதை ஏற்றது, மற்ற இரண்டு பெரிய அமைப்புகளில் அது இல்லை. அமெச்சூரில் வேறு கணக்கு. பாரிஸ் ஒலிம்பிக்கில் 92 கிலோ வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் சூப்பர் ஹெவிவெயிட்.

எடையைக் குறைத்து குரூசர்வெயிட்டில் ஆடலாமே?

குரூசர்வெயிட் என்பது ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கிற பிரிவு. 104-இல் இருந்து 90.7-க்கு இறக்கச் சொல்கிறீர்கள். அவன் உடம்பில் 13 கிலோ கொழுப்பு இல்லை. தண்ணீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு மறுநாள் அடி வாங்கினால் மூளைக்கு ஆபத்து. என்னிடம் இருக்கும்வரை அது நடக்காது.

ஃபைட் நிச்சயமாகி ரத்தானதாகச் சொல்கிறார்களே?

மூன்று தடவை. எந்த ஊர், எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் தடவை எதிராளி ரத்தப் பரிசோதனையில் தேறவில்லை, பத்து நாள் முன்னால் விலகிவிட்டான். அது யார் தவறும் இல்லை. இரண்டாவது தடவை ஸ்பான்சர் பின்வாங்கியதால் நிகழ்ச்சியே நின்றது.

மூன்றாவதுதான் அவனை உலுக்கிவிட்டது. எட்டு வாரம் தயாரானான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து புத்தூர் ரோட்டில் ஓட்டம். மதியம் அப்பாவுக்குப் பதிலாகத் தறி ஓட்டுவான். சாயங்காலம் பேக், பேட், ஸ்கிப்பிங். வாரத்துக்கு இரண்டு நாள் ரயில் ஏறி அரக்கோணம் வழியாக சென்னைக்குப் போய் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அவன் அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டு இருந்தார். அவன் திண்ணையில் உட்கார்ந்து பேன்டேஜைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கையில் சுற்றுகிற அந்தத் துணி நாலரை மீட்டர் நீளம். துவைத்துக் காயவைத்து, மடிப்பு இல்லாமல் இறுக்கமாகச் சுருட்டி வைத்தால்தான் மறுநாள் ஒழுங்காகச் சுற்ற வரும். என் போன் அடித்தது. "எதிராள் வரல, மாற்று ஆளும் கிடைக்கல, அடுத்த நிகழ்ச்சியில பாத்துக்கலாம்" என்றார்கள். நான் போனை வைத்தேன். என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த பேன்டேஜைக் கடைசிவரை சுருட்டி முடித்து, பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனான்.

எட்டு வாரத்துக்கு ஒரு பைசா வரவில்லை. ஆடினால்தான் சம்பளம். தயாரானதற்குச் சம்பளம் கிடையாது.

கை உடைந்ததால் நின்றது என்கிறார்களே, புத்தூர் கட்டு போட்டிருந்தால் சரியாகியிருக்கும் அல்லவா?

கை உடைந்தது உண்மை. நாலாவது ஃபைட்டில் எதிராளியின் நெற்றியில் வலது கை பட்டு, சுண்டுவிரல் கணுவுக்குக் கீழே இருக்கிற எலும்பு விரிசல் விட்டது. பாக்ஸர்களுக்குச் சாதாரணமாக வருகிற முறிவுதான். கட்டுப் பிரிக்க ஆறு வாரம். முழு பலத்தோடு பேக்கில் குத்த இன்னும் இரண்டு மாதம். அதற்குப் பிறகுதான் ஐந்தாவது ஃபைட் ஆடினான், ஜெயித்தான். ஆக இன்றைய தேக்கத்துக்குக் கை காரணம் இல்லை.

புத்தூர் நமக்குப் பக்கத்து ஊர். முட்டையும் பச்சிலையும் மூங்கில் சிம்பும் வைத்துக் கட்டுகிற அந்தக் கட்டில் குணமானவர்கள் நம் தெருவிலேயே பலர் உண்டு. என் அம்மாவின் மணிக்கட்டே அங்கே கட்டிச் சேர்ந்ததுதான். ஆனால் பாக்ஸரின் கணு எலும்பு ஒரு நூல் சாய்ந்து சேர்ந்தாலும் ஒவ்வொரு குத்திலும் வலிக்கும், மறுபடி உடையும். எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து நேராகச் சேர்க்க வேண்டியிருந்தது, அதனால் எலும்பு டாக்டரிடம் போனோம். கட்டைக் குறைவாக நினைத்துச் செய்த முடிவு அல்ல அது.

நம் பக்கம் ஸ்பாரிங்குக்கு ஆளே இல்லையா?

இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

நகரியில் என்னிடம் வருகிற பையன்களில் இவனுக்கு அடுத்துப் பெரியவன் 75 கிலோ. நல்ல வேகக்காரன், இவனுடைய கால் வேலைக்கு உதவுகிறான். ஆனால் அவனோடு ஆடும்போது இவன் வலது கையைப் பாதி பலத்தில்தான் விட வேண்டும். மாதக்கணக்கில் பாதி பலத்தில் விட்டுப் பழகினால் ஃபைட்டிலும் கை பாதியில் நின்றுவிடும். உடம்பு எதைப் பழகியதோ அதைத்தான் செய்யும்.

அதனால்தான் சென்னைக்கு ஓட்டம். நான் வாலிபத்தில் பழகியது வியாசர்பாடியில். அந்தப் பக்கத்துத் தெருக்களில் பாக்ஸிங் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜன் தமிழ்நாடு தந்தவர்தான். ஆனால் அவர் ஆடியது பேன்டம்வெயிட். நம் மண்ணின் பெருமை எல்லாம் பெரும்பாலும் சின்ன எடையில்தான். கனத்த எடை வடக்கே இருக்கிறது. 1966, 1970 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ஹவா சிங் ஹரியானாக்காரர், ராணுவத்தில் இருந்தவர். 1982-இல் தங்கம் வென்ற கௌர் சிங் பஞ்சாப், அவரும் ராணுவம். 1980-இல் டெல்லியில் முகமது அலியோடு காட்சிப் போட்டி ஆடியவர் அவர்தான். டோக்கியோவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் சூப்பர் ஹெவிவெயிட்டாக இறங்கிய சதீஷ் குமார் உத்தரப் பிரதேசம், அவரும் ராணுவம். காலிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் முகம் கிழிந்து, 13 தையலோடு காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவ் முன்னால் போய் நின்றார். 5-0 என்று தோற்றார், ஆனால் மூன்று ரவுண்டும் நின்றார். அந்த வீடியோவைப் பையனுக்கு நான் எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? ராணுவ முகாமில் கனமான ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள், தினமும் ஒருவரையொருவர் குத்திப் பழகுவார்கள். நம் பையனுக்கு இல்லாதது அதுதான்.

வெளிநாட்டில் இப்படி நடக்காது அல்லவா?

நடக்கும், நடந்துகொண்டே இருக்கிறது. ஹெவிவெயிட் வரலாற்றில் "இவன்தான் அடுத்த ஆள்" என்று தூக்கிக் கொண்டாடப்பட்டுப் பாதியில் நின்றவர்கள் எவ்வளவோ பேர்.

பிரிட்டனின் ஆட்லி ஹாரிசனை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்னி 2000-இல் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம். வந்ததும் பிபிசி பத்து ஃபைட்டுக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. தானே புரொமோட்டராகவும் இருந்தார். எளிய எதிரிகளாகவே பார்த்து எடுத்தார், வருஷங்கள் ஓடின, கூட்டம் சலித்துப்போனது. 2005-இல் டேனி வில்லியம்ஸிடம் முதல் தோல்வி. 2010-இல் ஒருவழியாக உலகப் பட்டத்துக்கு டேவிட் ஹேயின் முன்னால் போய் நின்றார், மூன்றாவது ரவுண்டில் முடிந்தது. அவருக்குப் பணம் இருந்தது, டிவி இருந்தது, தங்கம் இருந்தது. கடினமான எதிரி மட்டும் சரியான நேரத்தில் வரவில்லை.

டேவிட் பிரைஸ், லிவர்பூல்காரர், 6 அடி 8 அங்குலம், பெய்ஜிங் 2008-இல் வெண்கலம். 15 ஃபைட் தோல்வியே இல்லை. அதே ஹாரிசனை 2012-இல் 82 விநாடியில் படுக்கவைத்தவர். 2013 பிப்ரவரியில் 41 வயது டோனி தாம்ப்சன் ஒரே குத்தில் அவரைக் கீழே தள்ளினார். ஐந்து மாதத்தில் மறுபடி மோதி மறுபடி தோற்றார். இரண்டாவது ஃபைட்டுக்குப் பிறகு தாம்ப்சன் ஊக்கமருந்து சோதனையில் மாட்டினார். ஆனால் பிரைஸின் ஏறுமுகம் அதோடு நின்றது நின்றதுதான்.

குரோஷியாவின் ஃபிலிப் ஹர்கோவிச் கதை வேறு மாதிரி. 2022 ஆகஸ்டில் சீனாவின் ஜாங் ஜிலெயை ஜெயித்து, ஐபிஎஃப் என்கிற உலக அமைப்பின் பட்டத்துக்கு அடுத்த சவாலாளி என்ற இடத்தைப் பிடித்தார். சட்டப்படி அடுத்த முறை அவருடையது. ஆனால் பெரிய பெயர்களின் பெரிய பண ஃபைட்டுகள் முன்னால் வந்து நின்றன. ஏறக்குறைய இரண்டு வருஷம் வரிசையில் நின்றார். 2024 ஜூனில் டேனியல் டுபுவா முன்னால் நிற்கும்போது கண்ணுக்கு மேல் கிழிந்து, எட்டாவது ரவுண்டில் டாக்டர் நிறுத்திவிட்டார். காத்திருந்தது இரண்டு வருஷம், கைநழுவியது ஒரே ராத்திரியில்.

ரியோ 2016 தங்கம் வாங்கிய பிரான்ஸின் டோனி யோகா 2022-க்கும் 2023-க்கும் இடையில் வரிசையாக மூன்று தோல்வி. இவர்கள் எல்லாம் ஒலிம்பிக் மெடல்காரர்கள், தேசமே பின்னால் நின்ற ஆட்கள். அவர்களுக்கே இப்படி என்றால், தறிக்கூடத்துப் பையன் 19 மாதம் நிற்பதைப் பார்த்து "அவனிடம் ஏதோ குறை" என்று சொல்வது நியாயமில்லை. டீக்கடையில் அப்படிச் சொன்னவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

விஜேந்தர் சிங்குக்கு மட்டும் வரிசையாக ஃபைட் கிடைத்ததே?

முதலில் கிடைத்தது. பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய முகம், 2015-இல் பிரிட்டிஷ் புரொமோட்டரோடு ஒப்பந்தம், 2016-இல் டெல்லியில் ஆசிய பசிபிக் பட்டம். ஆனால் 2017 டிசம்பருக்குப் பிறகு அவர் அடுத்து ரிங்கில் ஏறியது 2019 ஜூலையில். அதுவும் 19 மாதம்! நம் பையனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தான். பிறகு 2019 நவம்பருக்கும் 2021 மார்ச்சுக்கும் நடுவில் இன்னொரு இடைவெளி, அது முடிந்து ஏறியபோது முதல் தோல்வி. இந்தியாவிலேயே பெரிய பெயருக்கே இப்படி.

பேசாமல் அமெச்சூருக்குத் திரும்பலாமே?

நல்ல கேள்வி. நாங்களும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2016-இல் இருந்து புரொஃபஷனல்கள் ஒலிம்பிக்கில் ஆடத் தடை இல்லை. மேலே சொன்ன ஜலோலோவ் 2018-இல் புரொஃபஷனல் ஆனார், ஆனாலும் அமெச்சூரை விடவில்லை. டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வாங்கினார். நம் விகாஸ் கிருஷனும் அமெரிக்காவில் இரண்டு புரொஃபஷனல் ஃபைட் ஆடிவிட்டுத் திரும்பி வந்து டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார்.

ஆக வழி இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். அமெச்சூரில் மூன்று ரவுண்டு, வேகமாகப் பாயின்ட் சேர்க்க வேண்டும். புரொஃபஷனலில் நாலில் தொடங்கி ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு ரவுண்டு வரை போகிறது. மூச்சைப் பகிர்ந்து செலவழிக்கவும், உடம்பில் அடித்து எதிராளியைக் கரைக்கவும் இவனுக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திருப்பி மாற்றச் சில மாதம் பிடிக்கும்.

இன்னொரு பக்கம், தேசிய மெடல் இருந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி உண்டு. புரொஃபஷனல் பெல்ட்டைக் காட்டினால் அங்கே யாரும் சேர்க்க மாட்டார்கள். அவன் அம்மா என்னிடம் கேட்பது இதைத்தான். "அண்ணா, ஒரு வேலை வர்ற வழியப் பாருங்க." அவர் கேட்பதில் தவறே இல்லை. முடிவை அவன்தான் எடுக்க வேண்டும், நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

அவன் ஆந்திராவா, தமிழ்நாடா? எந்த மாநிலம் உதவ வேண்டும்?

வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 1960 ஏப்ரலில் எல்லை பிரிந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திராவில் நின்றது. சர்டிபிகேட் ஆந்திரா என்பதால் அமெச்சூரில் அந்த ஜெர்சிதான் போட்டான். பழகுவது சென்னைப் பையன்களோடு. அங்கே போனால் "ஆந்திராப் பையன்", விஜயவாடா போனால் "தமிழ்ப் பையன்". அதனால் ரெண்டு பக்கமும் "எங்கள் பையன்" என்று கணக்கில் வைப்பதில்லை. எல்லையோரத்தில் பிறந்த எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்த வலி தெரியும். புரொஃபஷனலில் மட்டும் இந்தக் கேள்வியே கிடையாது. அவன் அந்தப் பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயது 26 ஆகிவிட்டதே?

ஹெவிவெயிட்டில் 26 இளசு. சின்ன எடைகளில் வேகம் போனால் எல்லாம் போச்சு. கனத்த எடையில் பலமும் அனுபவமும் தாமதமாகத்தான் சேரும். ஜாங் ஜிலெய் புரொஃபஷனல் ஆனதே 31 வயதில், 39 வயதில் ஜோ ஜாய்ஸை நிறுத்தினார். ஜார்ஜ் ஃபோர்மேன் 1977-இல் விலகி, பத்து வருஷம் கழித்து 1987-இல் திரும்பி, 1994 நவம்பரில் 45 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஃபோர்மேன் எல்லாரும் ஆக முடியாது, தெரியும். ஆனால் 26-ஐ முடிவு என்று சொல்லாதீர்கள், அதுவும் அவன் காதுபட.

உண்மையில் நான் பயப்படுவது ரிங் பழக்கம் விட்டுப்போவதற்கு. விளக்கு வெளிச்சம், கூட்டத்தின் சத்தம், எதிராளியின் மூச்சு மூஞ்சியில் படுவது, இவையெல்லாம் பயிற்சிக்கூடத்தில் கிடைக்காது. தூரம் கணிக்கிற கண் மங்கிவிடும். வருகிற குத்துக்கு அரை அங்குலம் தாமதமாகத் தலை நகரும்.

ஒரு வெளிநாட்டு வாய்ப்பை நீங்கள் மறுத்ததாகப் பேச்சு...

மறுத்தது நான்தான். பத்து நாள் நோட்டீஸ். வெளிநாட்டில் எட்டு ரவுண்டு. இவன் அதுவரை நாலு ரவுண்டுக்கு மேல் ஆடியதில்லை. எதிராளி இருபதுக்கு மேல் ஃபைட் ஆடியவன். அந்த மாதிரி கூப்பிடுகிறவர்களுக்கு உள்ளூர்க்காரன் அடித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பணம் நன்றாக இருந்தது. பையன் போக வேண்டும் என்றான், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் மறுத்தது சரி என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால், தோல்வியில்லாத ரெக்கார்டைக் காப்பாற்ற நினைத்து, இன்னொரு சமமான எதிராளியை வேண்டாம் என்றேன். அது தவறு. மேலே சொன்ன டுபுவா 2020-இல் ஜாய்ஸிடம் கண் எலும்பு உடைந்து தோற்றார், 2023-இல் உக்ரைனின் உசிக்கிடம் தோற்றார், அப்படியும் 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் ஆன்டனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். ரெக்கார்டில் ஒரு தோல்வி ஏறியிருந்தால் நம் பையனுக்கு இன்னும் நாலு பேர் ஃபைட் கொடுத்திருப்பார்கள்.

மாதச் செலவு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தறிக் கூலிதான். காலையில் பத்து முட்டை, வெள்ளைக்கரு பத்தும் மஞ்சள் மூன்றும். மதியம் சோறு, பருப்பு, கோழி. ராகி உருண்டை அவனுக்குப் பிடிக்கும், நம்ம ஊர் சாப்பாடு, அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ரயில் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய செலவு மருத்துவப் பரிசோதனை. லைசென்ஸுக்காக ரத்தம், கண், இதயம், தலை ஸ்கேன் எல்லாம் எடுக்க வேண்டும், காலாவதி ஆனால் திரும்ப எடுக்க வேண்டும். ஃபைட் ரத்தானால் அந்தக் காசும் போச்சு.

நன்கொடை அனுப்பலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

அப்படியென்றால் நாங்கள் என்னதான் செய்யலாம்?

முதலில், வழியில் அவனைப் பார்த்து "எப்ப ஃபைட்டு" என்று கேட்பதை நிறுத்துங்கள். தெரிந்தால் அவனே சொல்வான். ஒருநாள் பெட்டிக்கடையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல், வாங்க வந்ததை வாங்காமலே திரும்பி வந்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் மெயின் ரோடு பக்கமே போகவில்லை.

இரண்டாவது, பேக் வேலை. எங்கள் பேக்கில் இருப்பது தறிக்கூடத்துக் கழிவு நூலும் கிழிந்த துணியும். இவன் குத்துகிற குத்தில் எல்லாம் கீழே இறங்கிக் கல் மாதிரி கெட்டியாகிவிடும், மேல்பாதி தொளதொளத்துவிடும். உடைந்து சேர்ந்த கைக்கு அந்தக் கீழ்ப்பகுதி ஆகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொட்டி, உதிர்த்து, மறுபடி அடைக்க வேண்டும். போன தடவை பக்கத்துத் தெருப் பையன்கள் ஆறு பேர் வந்து உட்கார்ந்து நூலைப் பிரித்தார்கள். அவன் நடுவில் உட்கார்ந்து அவர்களுக்கு ஜாப் என்கிற முன்கைக் குத்தை எப்படி விடுவது என்று உட்கார்ந்தபடியே காட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது. கழிவு நூல் இருக்கிற தறிக்காரர்கள் தூக்கி எறியாமல் எங்களுக்குக் கொடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். திருத்தணி, அரக்கோணம், புத்தூர், சித்தூர் பக்கம் 85 கிலோவுக்கு மேல் இருக்கிற பாக்ஸர், இல்லை கபடிக்காரன், மல்யுத்தக்காரன், யாராவது கையில் கிளவுஸ் மாட்டத் தயாராக இருந்தால் அனுப்புங்கள். புதுசாக இருந்தாலும் பரவாயில்லை, நான் சொல்லித் தருகிறேன். யாரையும் இவன் முன்னால் நிறுத்தி அடி வாங்கவைக்க மாட்டேன். முதல் மாதம் தூரமும் தடுப்பும் மட்டும்தான். செவ்வாய், வியாழன், சனி, காலை ஐந்தரை. 16 அவுன்ஸ் கிளவுஸ், தலைக்கவசம் எல்லாம் இங்கே இருக்கிறது. வாய்க்குள் வைக்கிற பல் கவசத்தை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.